பழைய படத் தபால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

வெளிநாடு போனவர்கள் அங்குள்ள கோபுரம், பாலம், மலை, கடற்கரை என்று படம் போட்ட தபால் அட்டை ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்புவது ஒரு காலத்தில் வழக்கம். நம் குடியிருப்பில் பல வீட்டுப் பரண்களில் அவை இன்னும் இருக்கலாம். வீட்டை ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், அவற்றின் கதையைத் தெரிந்துகொள்வோம்.

முதல் அரசுத் தபால் அட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியானது. சிறு செய்தி அனுப்பக் குறைந்த செலவில் ஒரு வழி வேண்டும் என்று எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எழுதியதன் பலன் அது. முதல் மூன்று மாதங்களிலேயே ஏறக்குறைய 30 லட்சம் அட்டைகள் விற்றன. இந்தியாவில் காலணா அட்டை 1879-இல் வந்தது. இவற்றில் படம் கிடையாது. 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தவர்கள் ஈஃபில் கோபுரப் படம் போட்ட அட்டைகளை வாங்கி அனுப்பினார்கள். பிறகு, பார்த்த இடத்தின் படத்தை அனுப்பும் பழக்கம் உலகெங்கும் பரவியது.

அப்போது அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டுமே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902-இல் பிரிட்டன் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தது. ஜெர்மனி 1905-லும் அமெரிக்கா 1907-லும் அதைப் பின்பற்றின. அதனால்தான் சேகரிப்பாளர்கள் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். தேதி இல்லாவிட்டாலும், பின்பக்கம் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

வெனிஸ் நகரின் புனித மார்க் சதுக்கத்து மணிக்கோபுரம் 1902 ஜூலை 14 அன்று இடிந்து விழுந்தது. அதே வடிவில் மீண்டும் கட்டி 1912-இல் திறந்தார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அங்கே எடுத்த படங்களில் முழுக் கோபுரம் இருக்காது. அது விழும் தருணத்தையே எடுத்ததுபோல ஒட்டுவேலை செய்த படங்களும் அட்டையாக விற்றன. ஆகவே அட்டையில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்பவும் முடியாது.

ஆனாலும் அவை பெரிய காரியத்துக்கு உதவியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், ஐரோப்பியக் கடற்கரைகளின் படங்களும் தபால் அட்டைகளும் இருந்தால் அனுப்புங்கள் என்று பிபிசி வானொலி வழியாகப் பொதுமக்களிடம் கேட்டார்கள். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. விடுமுறைக்குப் போனவர்கள் விளையாட்டாக வாங்கிய அட்டைகளும் அவற்றில் உண்டு. படைகள் எங்கே கரையிறங்கலாம் என்று திட்டமிட்டவர்கள் இவற்றைப் பார்த்து மணல்பரப்பையும் கரையோரச் சுவர்களையும் ஆராய்ந்தார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் படைகள் இறங்கின.

நம் சென்னைக்கும் இது பொருந்தும். ஹிக்கின்பாதம்ஸ் போன்ற நிறுவனங்கள் மதராஸ் காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டன. 1985 தீ விபத்தில் அழிந்த மூர் மார்க்கெட்டின் பழைய தோற்றத்தை இன்று இப்படிப்பட்ட படங்களில்தான் பார்க்க முடியும்.

உங்களிடம் அட்டைகள் இருந்தால் சில யோசனைகள். பிள்ளைகளின் ஆல்பத்துக்காக ஸ்டாம்பைப் பிய்க்காதீர்கள். தபால் முத்திரையில் உள்ள ஊரும் தேதியும் அதோடு போய்விடும். லேமினேட் செய்ய வேண்டாம். கரையானும் ஈரமும் அண்டாத இடத்தில் வையுங்கள். யார், யாருக்கு, எந்தப் பயணத்தில் அனுப்பியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டுத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால், அடுத்த இதழில் எல்லோரும் பார்க்கலாம்.