கையெழுத்து வாங்கின தபாலும் கேட்காமல் பார்க்கிற மெயிலும்

பதிவுத் தபால் வந்தால் தபால்காரர் கையெழுத்து வாங்காமல் தரமாட்டார். ஆரையம்பதியில இண்டைக்கும் அப்படித்தான். அநேகமா வங்கிக் கடிதம், இல்லாட்டி நீதிமன்றக் கடிதம். அந்தக் கையெழுத்து சொல்லுறது ஒரேயொரு விசயம்தான்: கடிதம் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உடைச்சாங்களா, எத்தனை மணிக்கு வாசிச்சாங்க, வாசிச்சுப்போட்டு அடுப்புக்குள்ள போட்டாங்களா என்பதெல்லாம் அனுப்பினவருக்குத் தெரியாது. வேணாம் எண்டு திருப்பி அனுப்பவும் ஏலும்.

மின்னஞ்சலிலும் இதே வசதியைக் கொண்டுவரத்தான் 1998 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 2298 என்ற நியமம் வெளிவந்தது. அதை எழுதினவங்க கவனமான ஆக்கள். 'திறக்கப்பட்டது' என்ற அறிவித்தல் போவதற்கு முதல் பெறுபவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று வலுவாகப் பரிந்துரைத்தார்கள். திரையில் தெரிந்தது என்பதற்காக வாசித்தார், விளங்கிக்கொண்டார் என்று எடுக்க முடியாது என்றும் அதிலேயே எழுதி வைத்தார்கள்.

ஆனா சம்மதம் கேட்டா மனிசர் மாட்டன் எண்டுதானே சொல்லுவாங்க. அதனால கம்பனிகள் பின்கதவால வந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை மெயிலுக்குள்ள ஒளிச்சு வைக்கிறது. மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அனுப்பினவரின் சேர்வரில் இருந்து இறங்கும். எத்தனை மணிக்கு, எந்த ஐ.பி. முகவரியில் என்று அங்கே பதிவாகிவிடும். 2006இல் ஹியூலெட்-பக்கார்ட் கம்பனி தன் இயக்குநர் சபையிலிருந்து செய்தி கசியவிடுவது யார் என்று பிடிக்க, ஒரு பத்திரிகையாளருக்கு இப்படி உளவு பார்க்கிற மெயில் அனுப்பினது அம்பலமாகி, தலைவரே பதவி விலக வேண்டி வந்தது. 2019இல் சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலி, வாசித்தவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் அனுப்பினவருக்குக் காட்டியது. எதிர்ப்பு வந்த பிறகுதான் இடத்தைக் காட்டுவதை நிறுத்தியது. 2021இல் அப்பிள் அந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கி, கணக்கைக் குழப்பிவிட்டது.

இந்தியாவில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த வருசமே, 2018 ஜூனில், எஸ்.பி.ஐ. கார்ட்ஸ் தொடர்ந்த கடன் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், வாட்ஸ்அப்பில் அனுப்பின அறிவித்தலை உரியவர் திறந்தே பார்த்தார் என்று அந்தக் குறியீடுகளை வைத்து ஏற்றுக்கொண்டது. ஒளிச்சுத் திரிகிற கடனாளியைப் பிடிக்க வேற என்ன வழி என்று கேட்கலாம்; நியாயம்தான். ஆனா சரிக்குறி சாட்சியாகிவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: ஆளை ஆஜராகச் சொல்லிப் பொலிஸ் கொடுக்கும் அறிவித்தலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது.

நம்மட 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் தனியுரிமை தனி உரிமையாக எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதை முழுசா நடைமுறைப்படுத்துற திகதியும் பின்னுக்குப் போனது. நுண்கடன்காரர் வாசலில வந்து நின்ற ஊர்களில், வாட்ஸ்அப்பில் வாற கடன் நினைவூட்டலுக்கு விழுகிற நீலக்குறி சின்ன விசயமில்லை. செட்டிங்கில அதை நிறுத்தலாம். குழுக்களுக்கும் குரல் செய்திகளுக்கும் மட்டும் ஏலாது.