பதினாலு கிலோ இருநூறு கிராம்

சமையல் கேஸ் சிலிண்டரின் கைப்பிடி வளையத்தை மூன்று பட்டைகள் தாங்கி நிற்கும். அவற்றில் ஒன்றின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தையும் இரண்டு இலக்கங்களையும் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி ஏப்ரல் முதல் ஜூன். சி ஜூலை முதல் செப்டம்பர். டி கடைசி மூன்று மாதம். இலக்கங்கள் வருஷத்தைச் சொல்லும். அந்தக் காலாண்டு தாண்டிவிட்டால் சோதிக்காமல் அதை நிரப்பக் கூடாது. இன்னொரு பட்டையில் வெறும் சிலிண்டரின் எடை இருக்கும்: ஒன்றில் 15.3, இன்னொன்றில் 16.1. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் இரண்டாவது மாடிக்குத் தோளில் தூக்கி வந்து இறக்கும் கேஸ்காரரிடம் கேட்டால் விரல் வைத்துக் காட்டுவார். கேட்பவர்கள் குறைவு.

இரும்புக்கு இப்படி ஒரு ஜாதகம் உண்டு. உள்ளே இருக்கும் 14.2 கிலோவுக்கு அது கிடையாது, ஏனென்றால் அது பல ஊர்க் கலவை. இந்தியா எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிக் குளிரில் திரவமாக வரும். பியூட்டேனுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய குளிரே போதும். நம் பக்கத்தில் அது இறங்கும் இடம் எண்ணூர். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே மணலியில், கப்பல் ஏறாத பங்கு பிறக்கிறது. மத்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைக் காய்ச்ச ஆரம்பித்தது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம்; கொள்ளளவு 105 லட்சம் டன்.

அங்கே கச்சா எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கோபுரத்துக்குள் விடுகிறார்கள். கனமானது அடியில் தங்கும், லேசானது உச்சிக்கு ஏறும். உச்சியில் பிடிபடும் வாயுக்களிலும், கனமான எண்ணெயை உடைக்கும் இன்னொரு பிரிவிலும் நம் அடுப்புக்கான புரொப்பேனும் பியூட்டேனும் கிடைக்கின்றன. ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கச்சா எண்ணெய் நேராக உலைக்குள் போவதில்லை. கோபுரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியேறும் டீசலும் மண்ணெண்ணெயும் ஓடும் குழாய்களின் மேல் அதை ஓட விட்டு, அந்தச் சூட்டை முதலில் வாங்கிக்கொள்ள வைக்கிறார்கள். உலையை எட்டும்போதே பாதிக்கு மேல் சூடாகியிருக்கும். எந்தச் சூட்டை எந்தக் குளிருக்குக் கொடுத்தால் உலையில் எரிக்கும் எண்ணெய் மிச்சமாகும் என்பது ஆலை வரைபவர்களின் பழைய கணக்கு.

சிக்கனமும் பாதுகாப்பும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1974 ஜூன் 1 அன்று இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் வெடித்த ஆலை வேறு கதை சொன்னது. நைலானுக்கான மூலப்பொருள் செய்த இடம் அது. வரிசையாக நின்ற கலன்களில் ஒன்றை விரிசலுக்காக எடுத்துவிட்டு, இடைவெளியில் தற்காலிகக் குழாய் ஒன்றைப் போட்டிருந்தார்கள். அது பிய்ந்தது, 28 பேர் இறந்தார்கள். குழாயைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஐசிஐ என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தில் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த டிரெவர் கிளெட்ஸ் வேறொன்றைக் கேட்டார்: அந்தக் கலன்களில் ஏன் அவ்வளவு சரக்கு இருந்தது? ஒருமுறை ஓட விட்டால் நூற்றில் ஏறக்குறைய ஆறு பங்குதான் வினையில் மாறும். மீதியெல்லாம் சும்மா சுற்றிச் சுற்றி வந்த, தீப்பற்றக்கூடிய திரவம். மாறும் பங்கைக் கூட்டினால் கலன் சின்னதாகும், செலவு குறையும், கசிய இருப்பதும் குறையும். கையில் இல்லாதது கசியாது என்ற கருத்தை அவர் 1977இல் ஓர் உரையாகவே ஆற்றினார்.

சமையல் கேஸுக்கு இந்த யோசனை பாதிதான் செல்லும். கப்பல் என்றைக்கோ ஒருநாள் வரும். அடுப்போ தினமும் எரியும். இடையில் எங்காவது ஆயிரக்கணக்கான டன்னைச் சேர்த்து வைத்தே தீர வேண்டும். எப்படி வைப்பது என்பதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது.

1966 ஜனவரி 4, பிரான்சில் லியோன் நகருக்குப் பக்கத்தில் ஃபெய்சின் சுத்திகரிப்பு ஆலை. கால்களில் நிற்கும் பெரிய உருண்டைத் தொட்டி ஒன்றின் அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க விடியற்காலையில் ஒருவர் போனார். வடிகுழாயில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வால்வுகள். மேல் வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கீழ் வால்வால் அளவைக் கட்டுப்படுத்துவதே முறை. புரொப்பேன் குறுகலான இடத்தில் பீறிடும்போது உறைபனி கட்டும். அது கீழ் வால்வில் கட்டினால் மேல் வால்வை மூடித் தப்பிக்கலாம். அன்று வரிசை மாறிப்போனது. மேல் வால்வில் பனி அடைத்தது. ஒன்றும் வரவில்லையே என்று இன்னும் திறந்ததும் அடைப்பு விட்டுப் பீறிட்டது, வால்வின் பிடி கழன்று விழுந்தது, திரும்ப மாட்ட முடியவில்லை. கீழ் வால்வும் உறைந்து நகர மறுத்தது. வெண்புகையாகத் தரையோடு நகர்ந்த வாயு பக்கத்துச் சாலைக்குப் போய் அங்கே ஒரு காரால் பற்றிக்கொண்டது.

தீயணைப்பு வீரர்கள் எரியும் தொட்டியை விட்டுவிட்டு அடுத்த தொட்டிகளுக்கே தண்ணீர் அடித்தார்கள். எரியும் தொட்டியை அதன் உச்சியிலுள்ள பாதுகாப்பு வால்வு பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடி கருகாது, வற்றியதும் கருகும், தொட்டியும் அப்படித்தான். திரவம் தொடும் உயரம் வரை இரும்பு தாங்கும், அதற்கு மேலே வெறும் வாயு படும் பகுதி சூடேறி வலுவிழக்கும். உள்ளே அழுத்தம் வரம்பைத் தாண்டாமலேயே கிழிந்துவிடும். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கிழிந்தது. மொத்தம் 18 பேர் இறந்தார்கள்.

இன்று ஆலையைக் கட்டுமுன் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு குழாய்க்கும் ‘இல்லை’, ‘அதிகம்’, ‘குறைவு’, ‘தலைகீழ்’ என்று வார்த்தைகளை வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. ஹசாப் என்பார்கள், ஐசிஐயில் 1960களில் முளைத்தது. அந்த மேசையில் ‘வால்வுகளைத் தலைகீழ் வரிசையில் திறந்தால்?’ என்று எவரேனும் கேட்டே தீருவார். பதிலாக ‘ஊழியருக்குப் பயிற்சி கொடுப்போம்’ என்று எழுதுவது, என் பார்வையில், வேலையைத் தட்டிக் கழிப்பது. விடியற்காலையில், குளிரில், தூக்கக் கலக்கத்தில் நிற்கும் கை ஒருநாள் தவறும் என்று வைத்துக்கொண்டே வரைய வேண்டும்.

1984 நவம்பர் 19 அன்று மெக்சிகோ நகரை ஒட்டிய சான் ஹுவானிக்கோவில் உருண்டைகளும் உருளைகளும் அடுத்தடுத்து வெடித்துச் சுமார் 500 பேர் இறந்தார்கள். இரண்டு வாரத்தில் போபால் நடந்ததால் நம் நினைவில் அது நிற்கவில்லை. போபாலுக்குப் பிறகு 1986இல் எண்ணெய்த் துறைக்கென ஓஐஎஸ்டி என்ற பாதுகாப்பு அமைப்பு இங்கே உருவானது. அப்படியும் 1997 செப்டம்பர் 14 விடிகாலையில் விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆலையில் கசிந்த எரிவாயு தீப்பற்றிச் சுமார் 60 உயிர்களைக் கொண்டுபோனது.

அதனால்தான் இப்போதைய முனையங்களில் உருண்டைகளுக்குப் பதில் மண்மேடுகளைப் பார்க்கலாம். படுக்கைவாக்கில் கிடத்திய நீள உருளைகளைச் சுற்றி மணலும் மண்ணும் கொட்டி, குறைந்தது 700 மில்லிமீட்டர் கனத்துக்கு மூடுகிறார்கள். பக்கத்தில் எது எரிந்தாலும் இரும்பைத் தீ தொடாது. தண்ணீர் அடிக்க யாரும் ஓடி வர வேண்டாம், வால்வை நம்ப வேண்டாம். மண் எப்போதும் வேலையில் இருக்கிறது. அதற்கென்று தனித் தொல்லையும் உண்டு: மண்ணுக்குள் இரும்பு அரிக்கும், வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. அதைத் தடுக்க மேற்பூச்சும் மின்வழிப் பாதுகாப்பும் போடுகிறார்கள். குழாய் வால்வுகளைத் தூரத்து அறையிலிருந்தே மூடலாம். பார்க்கச் செயற்கைக் குன்று மாதிரி இருக்கும், புல்கூட முளைக்கும்.

மேட்டிலிருந்து வெளியே வந்ததும் நிலைமை மாறுகிறது. நாமக்கல்லில் பதிவான புல்லட் டேங்கர்கள்தான் தென்னிந்தியா முழுக்க இந்தச் சரக்கைச் சுமக்கின்றன. ஒன்றில் ஏறக்குறைய 18 டன். டேங்கருக்குள் ஒரு வால்வு இருக்கிறது, வழக்கத்தை மீறிய வேகத்தில் சரக்கு ஓடினால் தானே மூடிக்கொள்ளும். மெல்லக் கசிந்தால் மூடாது. 2012 ஆகஸ்டில் கண்ணூருக்கு அருகே சாலா என்ற இடத்தில் கவிழ்ந்த டேங்கர் வெடித்ததில் 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒன்று கவிழ்ந்து கசிந்தது. சுற்றுப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சியபடி நின்றார்கள். நெருப்பு விழவில்லை, உயிர் போகவில்லை. நாற்சந்தியும் மேம்பாலமும் எந்த ஆலை வரைபடத்திலும் இல்லை.

டேங்கர் போய்ச் சேருவது நிரப்பு ஆலைக்கு. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டில் இந்தியன் ஆயிலுக்கு ஒன்று இருக்கிறது. காலி சிலிண்டர்கள் சங்கிலிப் பாதையில் ஊர்ந்து வரும். கெடு தாண்டியவற்றைத் தனியே இழுத்து, வால்வைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். மற்றவை சுழலும் மேடையில் ஏறும். வெறும் எடையைப் படித்து எந்திரத்தில் பதிவார் ஊழியர்; அதற்கு மேல் 14.2 கிலோ சேர்ந்ததும் எந்திரம் தானே நிறுத்தும். இன்னொரு தராசு அதைச் சரிபார்க்கும். அடுத்து வால்வுக் கசிவு, ரப்பர் வளையக் கசிவு, கடைசியில் மூடி, சீல்.

ஏன் 14.2? சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். 14.2 கிலோ திரவம் சுமார் 26 லிட்டர்தான் பிடிக்கும். மிச்சத்தைக் காலியாக விடுவது கஞ்சத்தனம் இல்லை. மே மாத வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாமல் இரும்பில் முட்டினால் அழுத்தம் ஒரேயடியாக எகிறும். எடையைத் தப்பாகப் படித்தால் அந்த இடம் சுருங்கும், அதனால்தான் இரண்டாவது தராசு.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முடிச்சூரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதன் மறுமுனை எண்ணூர்ப் பக்கம். கப்பல் இறங்கும் ஊரும் அடுப்பு எரியும் ஊரும் ஒரே சாலையின் இரண்டு தலைகள். ஏஜென்சி கிடங்கிலிருந்து குட்டியானையில் தெருவுக்குள் வரும்போது சிலிண்டரின் மொத்த எடை முப்பது கிலோ. அது தள்ளும் தண்ணீர் முப்பத்தைந்து கிலோவுக்கு மேல். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும் என்று அர்த்தம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் படகு ஓடும் ஊர்களானபோது தரைத்தளச் சமையலறைகளில் அந்தக் கணக்கு பலித்திருக்கும். டியூப் இழுபட்டால் அடுப்பும் கூட வரும்.

சமையலறையில் மணல்மேடு கிடையாது, தூரத்து அறையும் கிடையாது. வரைபவர்கள் இங்கே வைக்க முடிந்தது மூன்று சாமான்தான். ரெகுலேட்டரின் ஊசி அழுத்தினாலொழியத் திறக்காத சுருள்வில் வால்வு. ரெகுலேட்டரைக் கழற்றிய நொடியே மூடிக்கொள்ளும். உள்ளே காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்காக இருப்பதை அடுப்புக்கு ஏற்ற அளவுக்கு இறக்கும் ரெகுலேட்டர். மூன்றாவது, வாசனையே இல்லாத இந்த வாயுவில் மெர்கேப்டன் கலந்து வைத்த நாற்றம்: காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தால் பற்றும், அதற்கு வெகு முன்னாலேயே மூக்கு சொல்லிவிட வேண்டும் என்ற கணக்கில் சேர்ப்பது. காற்றைவிடக் கனமான வாயு தரையில்தான் தேங்கும். நம் வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரையை ஒட்டி வைக்கிறோம். அதன் ஸ்விட்சைப் போடுவதே ஆபத்து என்பது தனி விஷயம்.

“அக்கா, செக் பண்ணிட்டுப் போகட்டுமா?” என்று சில கேஸ்காரர்கள் கேட்பதுண்டு. மூடியைத் திறந்து, வால்வு வாயிலுள்ள ரப்பர் வளையம் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுவார்கள். குமிழி வந்தால் அந்த சிலிண்டர் திரும்பிப் போகும். பணத்தை வாங்கிக்கொண்டு பழைய சிலிண்டரை உருட்டும்முன் அதன் வெள்ளை மூடியைத் தேடச் சொல்வார்கள். காலி என்று நாம் கொடுக்கும் சிலிண்டரில் அடுப்பை எரிக்க வலுவில்லாத வாயு இன்னும் இருக்கிறது. செங்கல்பட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த வால்வு மூடியோடுதான் பயணம் செய்ய வேண்டும்.