முந்தும் நிரலும் பிந்தும் ஏடும்

கணினிக்கு ஆணையிடும் நிரல்களை எழுதுவோர், அவற்றை வழங்கும் முறையை விளக்கும் ஏட்டை எழுதப் பின்வாங்குவர். இது நெடுநாளைய குறை. ஊதியம் பெற்று உழைப்போரிடமே இக்குறை உண்டென்றால், ஓய்வு நேரத்தில் விருப்பம் ஒன்றையே கூலியாகக் கொண்டு உழைக்கும் தொண்டர்களிடம் அது மிகுந்து காணப்படுவதில் வியப்பில்லை. எவரும் எடுத்தாளவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் இசைவு பெற்ற மென்பொருள்களுள் தலையாயது லினக்ஸ். அதன் வரலாற்றில் நிரலுக்கும் ஏட்டுக்கும் இடையே நிகழ்ந்த ஓட்டப் பந்தயம், கல்வித்துறையினர் அறிய வேண்டிய ஒன்று.

லினக்சுக்கு முன்மாதிரியாய் அமைந்தது யூனிக்ஸ். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய அதன் முதற் கையேடு, 1971ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. இஃது ஊதியம் பெற்றோர் செய்த பணியே, தொண்டர் பணியன்று. ஆயினும் பின்னாளில் தொண்டர்கள் கைக்கொண்ட வடிவத்தை வகுத்துத் தந்தது இக்கையேடே. ஒவ்வோர் ஆணைக்கும் தனிப்பக்கம். அதில் பெயர், வழங்கும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. இவற்றோடு 'குறைகள்' என்றொரு பகுதியும் இருந்தது! தம் படைப்பின் குறையைத் தாமே எழுதி வைக்கும் இவ்வழக்கம் பிற துறைகளில் அரிது.

அத்துறையின் தலைவராய் இருந்த டக்ளஸ் மெக்கில்ராய், கையேடு செப்பமாக அமைய வேண்டும் என்பதில் உறுதியாய் நின்றார். இதனால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. நிரலின் கோணலை ஏட்டில் விரித்து எழுதக் கூசியவர்கள், எழுதுவதை நிறுத்திவிட்டு நிரலையே நேராக்கினர். ஏடு நிரலுக்குப் பின் வரும் நிழல் அன்று. நிரலைத் திருத்தும் கோலும் அதுவே என்பது அன்றே தெளிவாயிற்று.

1991 ஆகஸ்டு 25ஆம் நாள், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பணியில் பல நாட்டினரும் வந்து கூடினர். 1994 மார்ச் 14இல் முதற் பதிப்பு என எண்ணிடப்பெற்று வெளிவந்தபோது, அதன் கருநிரல் ஏறத்தாழ 176,000 வரிகளுக்கு வளர்ந்திருந்தது. ஏடு இல்லாமல் புதியவர் எவரும் இதனை நிறுவிப் பயன்கொள்ள இயலாது என்பதை உணர்ந்த மாட் வெல்ஷ், லார்ஸ் விர்சேனியஸ், மைக்கேல் ஜான்சன் ஆகிய மூவர், 1992இலேயே லினக்ஸ் ஆவணத் திட்டத்தைத் தொடங்கினர். தனித்தனிப் பணிகளுக்கு வழிகாட்டும் 'செய்வது எப்படி' ஏடுகள் பெருகின. தொண்டர்களுக்கு ஏடெழுதும் மனமே இல்லை என்று கூறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

எனினும், கருநிரலைச் சார்ந்து பிற நிரல்களை எழுதுவோருக்கு வேண்டிய நுட்பக் கையேட்டின் நிலை வேறாயிற்று. கருநிரல் ஓரிடத்தில் வளர்ந்தது. அதனோடு இணைந்து இயங்கும் நிரல்தொகுதி மற்றோரிடத்தில். கையேட்டுப் பக்கங்களோ மூன்றாவதோரிடத்தில். நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் நூலுக்குத் தாமே உரை கண்டார். நூல் செய்தவர் ஒருவர், உரை செய்பவர் வேறொருவர் எனின் நேரும் இடர்ப்பாட்டைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. லினக்சில் உரையாசிரியர் பெரும்பாலும் தனியொருவராகவே இருந்தார். 1995 முதல் 2004 வரை ஆண்ட்ரீஸ் பிரவரும், அதன் பின்னர் மைக்கேல் கெரிஸ்க்கும் அப்பொறுப்பைத் தாங்கினர்.

இதற்கிடையே நிரலின் வேகமும் கூடிற்று. 2001 சனவரியில் 2.4 என்ற பதிப்பு வந்தது. அடுத்த பெரும் பதிப்பாகிய 2.6 வெளிவர 2003 திசம்பர் ஆயிற்று. இவ்வளவு காத்திருப்பதைத் தொண்டர்கள் பொறுக்கவில்லை. எழுதிய நிரல் ஈராண்டு மூவாண்டு கிடப்பில் கிடந்தால், எழுதியவர் வேறு பணி தேடிப் போய்விடுவார். ஆகவே சில ஆண்டுகளில் முறை மாறிற்று; இரண்டு மூன்று திங்களுக்கு ஒரு வெளியீடு என்பது வழக்கமாயிற்று. இம்மாற்றத்தைக் குறைகூறுதல் முறையாகாது. நிரல் எழுதுவோருக்கு இது பெரும் ஊக்கம். ஆனால் ஆயிரம் பேர் விரைந்து ஓடும் பாதையில், ஒருவர் கையில் எழுதுகோலுடன் பின்னே ஓடுவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவ்வாறு ஓடியவர் கண்ட உண்மை ஒன்று 2007இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு சூலையில் வந்த 2.6.22 பதிப்பில் 'டைமர்எஃப்டி' என்னும் புதிய வசதி சேர்க்கப்பட்டது. குறித்த நேரம் வந்ததும் நிரலுக்கு அறிவிக்கும் கடிகாரம் போன்றது அது. அதற்குப் பக்கம் எழுத அமர்ந்த கெரிஸ்க், பழைய கடிகார வசதிகளில் இருந்த இரண்டு பயன்கள் இதில் இல்லை என்பதைக் கண்டார். மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் உள்ளது என்று கேட்டறிய வழியில்லை. நேரத்தை மாற்றியமைக்கும்போது முன்பிருந்த அமைப்பைப் பெறவும் வழியில்லை. நிரலைப் படித்துச் சரிபார்த்தவர்கள் கண்ணில் படாத குறை, விளக்கம் எழுதப் புகுந்தவர் கண்ணில் பட்டது.

இது சிறு செய்தி அன்று. ஒருமுறை வெளிவந்து பிறர் நிரல்கள் சார்ந்துவிட்ட வசதியை மாற்றலாகாது, பயனர் நிரல் முறிதல் கூடாது என்பது டோர்வால்ட்சின் கண்டிப்பான விதி. ஆதலால் தவறாக அமைந்த வாயில் தவறாகவே நிலைத்துவிடும். நல்ல வேளையாக, பலர் பயன்படுத்தத் தொடங்குமுன் கெரிஸ்க் குறையை எடுத்துரைத்தார். அவ்வசதி முடக்கப்பட்டு, மூன்று அழைப்புகள் கொண்ட புதிய வடிவில் 2008 ஏப்ரலில் 2.6.25 பதிப்புடன் வந்தது. ஏடு நிரலுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தால் இவ்வலைச்சல் முழுவதும் மிச்சமாகியிருக்கும்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. தியோ டி ராட் 1995இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி என்னும் தொண்டர் திட்டத்தில், கருநிரலும் துணைநிரல்களும் கையேடும் ஒரே தொகுப்பில் வைக்கப்படுகின்றன. நிரலை மாற்றுபவர் பக்கத்தையும் மாற்ற வேண்டும். ஏட்டில் பிழை இருப்பினும் நிரற்பிழைக்கு ஒப்பாகவே அதனைக் கருதுவர். அப்படியிருந்தும் ஆறு திங்களுக்கு ஒருமுறை வெளியீடு தவறாது வந்துகொண்டிருந்தது. ஏட்டைப் பேணினால் வேகம் கெடும் என்போர்க்கு இது விடை. ஆயினும் அது சிறிய குழு. ஒழுங்கை எளிதில் காக்கலாம். பல நிறுவனங்களின் பணியாளரும் தொண்டரும் ஆயிரக்கணக்கில் கலந்துள்ள லினக்சில் அதே கண்டிப்பைச் செலுத்தினால், முதன்முறை வருபவர் மிரண்டு திரும்பிவிடவும் கூடும்.

நிரலெழுதுவோர் பலர்க்கு நிறுவனங்களின் ஊதியம் கிட்டிய காலத்திலும், ஏடெழுதுவோர் நிலை அவ்வாறு உயரவில்லை. 2008இல் லினக்ஸ் அறக்கட்டளை கெரிஸ்க்குக்குப் பொருளுதவி அளித்தது, அது நிலையானதன்று. அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற அலெஹாந்திரோ கோலோமார், சில ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தபின், இனி அவ்வாறு தொடர இயலாது என்று 2024 செப்டம்பரில் அறிவித்துப் பணியை நிறுத்திவைத்தார். உலகின் பெருங்கணினிகள் பெரும்பாலும் இயங்கும் தளத்தின் கையேடு, ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தையே நம்பி நின்றது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சில நிறுவனங்கள் பொருளுதவிக்கு முன்வந்த பின்னரே அவர் மீண்டும் எழுதுகோலை எடுத்தார்.