பானெட்டின் அடிப்பக்கம் சொல்லும் வரலாறு

1953ஆம் ஆண்டு மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் செவர்லே நிறுவனம் உருவாக்கிய 300 கார்வெட் கார்களின் உடல் ஃபைபர்கிளாஸால் ஆனது. அதற்கான பாகங்களை ஓஹையோவின் ஆஷ்டபுலாவில் ராபர்ட் மாரிசனின் நிறுவனம் வார்த்துக் கொடுத்தது. தொடக்கப் பாகங்கள் சிலவற்றில் கைவேலை இருந்தது. பிறகு இரு உலோக அச்சுகளுக்கு இடையே கண்ணாடி இழையையும் பிசினையும் வைத்துச் சூடேற்றி அழுத்தும் முறை நிலைபெற்றது. அதனால் அம்முறையில் வார்த்த அசல் பானெட்டின் இரு பக்கங்களும் வழவழப்பாக இருக்கும். மாற்றுப் பாகம் செய்த சிறு பட்டறைகளுக்கு அத்தனை விலையுள்ள அச்சுகள் கட்டுப்படியாகவில்லை. ஒற்றை அச்சில் இழைப்பாயைப் பரப்பிக் கையால் பிசின் பூசினார்கள். அச்சைத் தொட்ட மேற்பக்கம் பளபளத்தது, அடிப்பக்கம் சொரசொரத்தது. ஆகவே ஒரு பானெட் அசலா மாற்றா என அறிய, அடியில் விரலோட்டிப் பார்ப்பதே முதல் சோதனை என்பேன்.

அழுத்தி வார்த்த மாற்றுப் பானெட்டுகளும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சொரசொரப்பு பெரும்பாலும் மாற்றைக் காட்டிக்கொடுக்கும்; வழவழப்பு மட்டும் அசலை உறுதிசெய்யாது. அதோடு, தொழிற்சாலைப் பானெட்டே வேறொரு காரிலிருந்து வந்திருக்கலாம். 1967இல் 427 கன அங்குல எஞ்சின் கார்களுக்கென நடுவில் மேடிட்ட தனிப் பானெட் வந்தது. சிறிய எஞ்சின் காரில் அதைப் பொருத்துவது கடினமல்ல. எனவே விறைப்புச் சட்டத்தை ஒட்டிய பசைக்கோடு, கீல் துளைகள், பழைய வண்ண அடுக்குகள் ஆகியவற்றை அதே காரின் பிற பாகங்களோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தையும் தேய்த்துப் புது வண்ணம் அடிக்கும் புதுப்பிப்பாளர்கள் இந்தத் தடயங்களையே அழிக்கிறார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.