லயன் என்னும் சொல்

சபரகமுவ மாகாணத்திலே, கொடகவெல, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் புதியவர் ஒருவரைக் கண்டால் 'எந்த லயம்?' என்று கேட்பர். 'மேட்டு லயம்', 'பணிய லயம்' என விடை வரும். இந்த லயம் இசை நூலார் கூறும் லயமன்று. 'லைன்' என்னும் சிறிய ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் நாவில் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் உருப்பெற்றது.

அச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியில் உள்ளது. ஆளிச் செடியைக் குறித்த 'லீனும்' என்பதினின்று, நார்நூலைக் குறிக்கும் 'லீனியா' பிறந்தது. நூல் பிடித்து இழுத்த கோடும், கோடுபோல் அமைந்த வரிசையும் பின்னர் லைன் ஆயின. இன்று ரயில் பாதை, தொலைபேசி இணைப்பு, மின்கம்பி, கடை வாயிலில் நிற்போர் வரிசை ஆகிய அனைத்திற்கும் இவ்வொரு சொல்லே வழங்குகின்றது.

தோட்டத்திலோ அது குடியிருப்பின் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கென, ஒரே கூரையின் கீழ் அறைகளை வரிசையாகக் கட்டினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலையும் இறப்பரும் பரவின, லயன் மாறவில்லை. பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அறைக்குக் 'காம்பரா' என்று பெயர். அது போர்த்துக்கேயச் சொல். முன்புறத் திண்ணையான 'இஸ்தோப்பு' ஒல்லாந்தர் தந்தது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியரின் மொழிகளும் ஓர் ஏழைத் தொழிலாளியின் வாசலிலே கூடியிருப்பது வியப்பன்றோ!

வரிசைக்குத் தமிழில் சொல் இல்லாமலில்லை. கொழுந்து பறிக்கும் பெண் தனக்குரிய தேயிலை வரிசையை 'நிரை' என்றே இன்றும் வழங்குகின்றாள். உழைக்கும் இடத்திற்குத் தன் சொல்லைக் கொடுத்தவள், உறங்கும் இடத்திற்குத் துரையின் சொல்லை ஏற்றாள். காரணம் வெளிப்படை. நிரை அவள் கைத்திறத்தால் அமைந்தது, லயன் தோட்டத்திற்குரியது. வேலை உள்ளவரையே காம்பரா. வேலை போயின் அதுவும் போகும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டதன் பொருள் இங்கே விளங்கும்.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் கைமாறியும் லயன் நிலைத்தது. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் சில எழுந்துள்ளன. அங்கே குடிபுகுந்தோர் 'எங்கள் வீடு' என்கின்றனர். ஏனையோர் இன்னும் லயத்திலேயே வாழ்கின்றனர். ஒரு சொல் வழக்கொழிவது மொழிக்கு இழப்பென்பர். இச்சொல் வழக்கொழியும் நாளோ ஒரு மக்கள் கூட்டத்திற்கு ஆக்கமாகும்.