கோசுப் புழுவும் பட்டுப் புழுவும்

சென்ற மார்கழித் திங்களில் நான் சில நாள் வெளியூர் சென்று திரும்பினேன். வீட்டுக் கொல்லையிலிருந்த முட்டைக்கோசுப் பாத்தியைக் கண்டதும் திகைத்து நின்றேன். தளதளவென்றிருந்த இலைகள் சல்லடையாகத் துளைபட்டிருந்தன. ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்புறத்தில் அரை அங்குல நீளமும் இல்லாத பச்சைப் புழுக்கள் இருந்தன. விரல் பட்டதும் அவை துள்ளி நெளிந்து, மெல்லிய நூலிழையில் தொங்கின. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அவை. இச்சிறு புழுவை வெல்ல மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

1939-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் பால் முல்லர், டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று கண்டார். அதற்காக 1948-இல் நோபல் பரிசு பெற்றார். பூச்சித் தொல்லை இனி ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1953-இல் ஜாவாத் தீவின் லெம்பாங் மலைப்பகுதியிலிருந்து வேறு செய்தி வந்தது. அங்கே டி.டி.டி. தெளித்தும் இப்புழுக்கள் மடியவில்லை. காரணம் யாது? மருந்துக்குத் தப்பிய ஒருசில புழுக்களே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராயின. வெப்ப நாடுகளில் இப்பூச்சி ஓராண்டில் பல தலைமுறைகள் பெருகும். ஆதலின் தப்பும் திறன் விரைவில் பரவிவிட்டது.

மற்றொரு வழி இதற்கு வெகுமுன்பே தோன்றியிருந்தது. ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரெனத் துவண்டு மடிவதை ஆராய்ந்த இஷிவாட்டா என்பவர், அதற்குக் காரணமான பாக்டீரியத்தை 1901-இல் கண்டார். பட்டு வளர்ப்போருக்கு அது பெரும் பகை. 1911-இல் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் பெர்லினர், மாவை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களிலும் அத்தகைய நுண்ணுயிரைக் கண்டார். அவை துரிஞ்சியா மாநிலத்திலிருந்து வந்தவை. ஆகவே 1915-இல் அதற்குப் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்று பெயரிட்டார். பட்டுக்குப் பகையானது பயிருக்குத் துணையாயிற்று; 1938-இல் பிரான்சில் பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. இந்நுண்ணுயிர் தன்னுள்ளே புரதப் படிகம் ஒன்றை உண்டாக்குகிறது. இலையோடு அதைத் தின்னும் புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அக்காரத்தில் படிகம் கரைந்து, நஞ்சாகிக் குடற்சுவரைத் துளைக்கிறது. புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, சில நாட்களில் மடிகிறது. நம் வயிற்றிலோ இருப்பது அமிலம்; அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை.

ஆயினும் வரலாறு இத்துடன் முடியவில்லை. ஹவாய்த் தீவுகளில் இம்மருந்தை ஓயாது தெளித்த தோட்டங்களில், அதே பூச்சி இதனையும் எதிர்த்து நின்றது என்று 1990-இல் அறிவிக்கப்பட்டது. ஒரே கருவியை மீண்டும் மீண்டும் நம்பியதே இரு தோல்விகளுக்கும் காரணம் என்பேன்.

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் பரிந்துரைத்த முறை ஒன்றுண்டு. கோசு வரிசைகளுக்கு இடையே கடுகு விதைத்தால், தாய்ப்பூச்சி கடுகை நாடி முட்டையிடும், கோசு பிழைக்கும். இந்த ஆண்டு நானும் கடுகு விதைத்திருக்கிறேன். காலைதோறும் இலைகளைத் திருப்பிப் பார்த்துப் புழுக்களைக் கையால் பொறுக்குகிறேன். அவை மிகும்போது மட்டும், புழுக்கள் சிறியனவாக இருக்கையிலேயே, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கிறேன். கடும் வெயிலில் அதன் வீரியம் குன்றிவிடும். அருகில் பட்டுப்புழுவுக்காக முசுக்கொட்டை வளர்ப்போர் இருந்தால் அதைத் தெளிக்கலாகாது. கோசுப் புழுவைக் கொல்வது பட்டுப் புழுவையும் கொல்லும் என்பதை மறத்தல் கூடாது.