உப்பு, அணு, பிறப்பு



உலகை விளக்க எத்தனை பொருள்கள் போதும்? குவாண்டம் இயற்பியலின் மெய்யியலில் இன்றும் நடக்கும் விவாதம் இது. மைக்கேல் எஸ்ஃபெல்ட் மிகச் சிறிய பட்டியல் ஒன்றைத் தருகிறார்: பொருட்புள்ளிகள், அவற்றுக்கிடையே தொலைவு, அத்தொலைவில் மாற்றம். இடம் என்பது தொலைவுகளின் தொகுப்பு. காலம் மாற்றங்களின் வரிசை. புள்ளிக்குள் பிறவிக் குணம் எதுவுமில்லை.

உடலுக்குள்ளேயே தூய்மையும் தீட்டும் இருப்பதாகச் சொல்லும் சாதியின் கீழ் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. தமிழில் இதற்கு நெடிய வரலாறும் உண்டு.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் ஆசீவகவாதி பேசுகிறார்: அணுக்கள் புதிதாய்ப் பிறப்பதில்லை, அழிவதுமில்லை, திரண்டு மலையாகும், மரமாகும், உடலாகும், பின் பிரியும். பூதவாதி இன்னும் சிக்கனக்காரர். தாதகிப்பூவும் வெல்லமும் கூடினால் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறார். மறுமையில் வினைப்பயன் துய்ப்பது பொய் என்று அடித்துச் சொல்கிறார்.

இந்த இரும்பைக்கு வடக்கே, மரக்காணம் பாத்திகளில் விளையும் உப்பைப் பாருங்கள். சோடியம் தண்ணீர் பட்டால் எரியும், குளோரின் நச்சுவாயு. உப்பின் கரிப்பு இரண்டிலும் இல்லை, கூட்டில் இருக்கிறது. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் அந்தக் கூட்டின் அமைப்பைக் காட்டினார்கள்: ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களைத் தனி அடையாளமற்றவையாக எண்ணிக் கணக்கிட்டார். கணக்கு சரியாக வந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அதே ஆசீவகர், கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு வரை ஆறு நிறப் பிறப்புகளையும் மாற்ற முடியாத ஊழையும் அணுவோடு சேர்த்துக்கொண்டார். அணுவைச் சொன்னதாலேயே ஒருவர் சமத்துவவாதி ஆகிவிடமாட்டார். வேண்டாததைக் கழித்த பிறகு எதைத் திரும்ப உள்ளே விடுகிறோம் என்பதே சோதனை.

30ஆம் காதையில் அறவண அடிகள் பன்னிரு சார்பைச் சொல்கிறார்: ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும், சார்பு அற்றால் அதுவும் அறும். உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த 1898இலேயே அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் ஆன்மாவை மறுத்து, உடலின் பூதங்கள் மீண்டும் சேர்வதையே மறுபிறப்பு என விளக்கினார்.

சாதிக்கென்று ஓர் அணு இல்லை. அதற்காக இயற்பியல் வந்து சாதியை ஒழித்துத் தராது. நிலம் யார் பெயரில், வரப்பில் நிற்பவர் யார், பாத்தியில் இறங்குபவர் யார் என்ற உறவுகளில் அது நிற்கிறது. அந்த உறவுகளை அறுப்பது நம் வேலை.